ஒரு தரப்பு எழுதிய போர்

கிரேக்கர்களும் பாரசீகர்களும் இரண்டாயிரத்து ஐந்நூறு ஆண்டுகளுக்கு முன் மோதிக்கொண்ட கதையைப் பதின்வயதுப் பிள்ளைகளுக்கு எப்படிச் சொல்வது? வீரகாவியமாகச் சொல்லிக்கொடுத்த வகுப்பறைகளுக்குக் கிடைத்த பலன் பயங்கரமானது. இப்போது அதே போரைக் கேள்வி கேட்கக் கற்றுத்தரும் பாடமாக மாற்றும் முயற்சி நடக்கிறது.

52,83,220. கி.மு. 480-ல் கிரீஸின் மீது படையெடுத்து வந்த பாரசீகப் பேரரசர் செர்க்ஸஸின் பின்னால் இத்தனை பேர் வந்தார்கள் என்கிறார் ஹெரோடோட்டஸ், சரித்திரத்தின் தந்தை என்று பெயர் வாங்கியவர். சுமார் ஐம்பது லட்சம் என்று சொல்லி அவர் நிறுத்திக்கொள்ளவில்லை. கடைசி இருபது பேர் வரை கணக்குக் காட்டுகிறார்.

இந்த எண்ணைக் கரும்பலகையில் எழுதிவிட்டு, இதை எண்ணியது யார் என்று கேட்பதுதான் பாடத்தைத் தொடங்க நல்ல வழி. எண்ணிய விதத்தையும் ஹெரோடோட்டஸே சொல்கிறார். பத்தாயிரம் பேரை நெருக்கி நிற்கவைத்துச் சுற்றிலும் கோடு கிழித்தார்கள். அவர்களை வெளியேற்றிவிட்டு அந்தக் கோட்டின் மேல் தொப்புள் உயரத்துக்குச் சுவர் எழுப்பினார்கள். பிறகு படையைக் கூட்டம் கூட்டமாக உள்ளே விட்டு நிரப்பி, நூற்றெழுபது தடவை அளந்தார்கள். நெல்லை மரக்காலால் அளப்பதுபோல மனிதர்களை அளந்ததில் காலாட்படை மட்டும் 17 லட்சம். அதோடு குதிரைப்படை, 1,207 போர்க்கப்பல்களின் ஆட்கள், வழியில் சேர்ந்தவர்கள் எல்லாரையும் கூட்டினால் 26,41,610. சமையலுக்கும் சுமைக்கும் பணிவிடைக்கும் வந்தவர்கள் குறைந்தது இதே அளவு இருக்கும் என்று அந்தத் தொகையை அப்படியே இரட்டிப்பாக்கிவிடுகிறார்.

இவர்களுக்குச் சாப்பாடு? அதற்கும் ஒரு கணக்கு வைத்திருக்கிறார். ஆளுக்கு ஒரு நாளைக்கு ஒரு கோய்னிக்ஸ், அதாவது ஏறக்குறைய ஒரு லிட்டர் தானியம். 48 கோய்னிக்ஸ் சேர்ந்தது ஒரு மெடிம்னோஸ். மூட்டை என்று வைத்துக்கொள்ளலாம். ஒரு நாளைக்கு 1,10,340 மூட்டை வேண்டும் என்கிறார். எட்டாம் வகுப்பு மாணவன் வகுத்துப் பார்த்தாலும் 1,10,067-தான் வரும். சரித்திரத்தின் தந்தை வகுத்தலில் கோட்டை விட்டிருக்கிறார். இந்தத் தவற்றைத் தானே கண்டுபிடிக்கும் பிள்ளை, அச்சில் இருப்பதெல்லாம் உண்மையாக இருந்துவிடாது என்பதை அன்றே கற்றுக்கொள்கிறது.

ஹான்ஸ் டெல்ப்ரூக் என்ற ஜெர்மன் சரித்திர ஆசிரியர் 1900-ல் இதே மாதிரி ஒரு கணக்குப் போட்டார். தன் காலத்து ஜெர்மன் ராணுவம் அணிவகுத்துப் போகும் வரிசையின் நீளத்தை அடிப்படையாக வைத்துக்கொண்டார். ஹெரோடோட்டஸ் சொல்லும் படை அப்படி நடந்திருந்தால், முதல் வீரன் கிரீஸில் தெர்மோபிலே கணவாயை அடையும்போது கடைசி வீரன் டைக்ரிஸ் நதிக்கு அப்பால் சூசா நகரத்திலிருந்து அப்போதுதான் புறப்பட்டுக்கொண்டிருப்பான். இன்றைய ஆய்வாளர்களின் மதிப்பீடுகள் பெரும்பாலும் மூன்று லட்சத்தைத் தாண்டுவதில்லை. ஒரு லட்சம்கூட இருக்காது என்பவர்களும் உண்டு.

ஹெரோடோட்டஸின் மேல் முழுப் பழியையும் போட முடியாது. போர் நடந்தபோது அவர் சிறு குழந்தை. பாரசீக ஆட்சியில் இருந்த ஹாலிகார்னாசஸ் என்ற கிரேக்க நகரத்தில் பிறந்தவர். சுமார் ஐம்பது வருடங்களுக்குப் பிறகு, ஊர் ஊராகக் கேட்டுத் திரட்டிய செய்திகளை வைத்து எழுதினார். கிரேக்கர்களின் நினைவில் அந்தப் படை கடல்போல விரிந்திருந்தது. ஐம்பத்திரண்டு லட்சம் என்பது அவர்களுடைய பயத்தின் அளவு. பிறகு பெருமையின் அளவு. அவ்வளவு பெரிய படையைத் தோற்கடித்தோம் என்று சொல்லிக்கொள்வதில் ஒரு சுகம் இருக்கிறதல்லவா?

நடந்தது என்ன?

சம்பவங்கள் சிக்கலானவை அல்ல. சிந்து நதியிலிருந்து ஈஜியன் கடல் வரை, எகிப்தையும் சேர்த்துப் பரந்திருந்தது பாரசீகப் பேரரசு. அதன் மேற்கு ஓரத்தில், இன்றைய துருக்கியின் கடற்கரையில் இருந்த அயோனிய கிரேக்க நகரங்கள் கி.மு. 499-ல் கலகம் செய்தன. ஏதென்ஸ் கப்பல் அனுப்பி உதவியது. 494-ல் கலகம் ஒடுக்கப்பட்டு மிலீட்டஸ் நகரம் சூறையாடப்பட்டது. தலையிட்ட ஏதென்ஸைத் தண்டிக்கப் பேரரசர் டேரியஸ் அனுப்பிய படை 490-ல் மாரத்தானில் தோற்றது. பத்து வருடங்கள் கழித்து அவர் மகன் செர்க்ஸஸ் தானே படையோடு வந்தார். தெர்மோபிலேயில் தடையை உடைத்தார், ஏதென்ஸை எரித்தார், சலாமிஸ் கடற்போரில் தோற்றார். 479-ல் பிளாட்டீயாவில் அவர் விட்டுச்சென்ற படையும் தோற்றது.

பாரசீகத்துக்கு இது தொலைதூர எல்லையில் கிடைத்த ஒரு தோல்வி. சாம்ராஜ்யம் அதற்குப் பிறகும் ஏறக்குறைய நூற்றைம்பது வருடங்கள் நின்றது. ஐரோப்பாவுக்கோ இது பிறப்புக் கதை. இங்கிலாந்தின் சரித்திரத்துக்கே ஹேஸ்டிங்ஸ் போரைவிட மாரத்தான் போர்தான் முக்கியம் என்று 1846-ல் எழுதினார் ஜான் ஸ்டூவர்ட் மில். சுதந்திர மேற்கு, அடிமைக் கிழக்கு என்ற கோடு அங்கேதான் போடப்பட்டது என்று தலைமுறை தலைமுறையாகப் பள்ளிக்கூடங்களில் சொல்லித்தந்தார்கள்.

கரும்பலகையில் நின்ற பாதி வாசகம்

கதை சொல்வதில் என்ன கெடுதல் வந்துவிடும் என்று கேட்கலாம். ஜெர்மனிக்கு வந்தது.

தெர்மோபிலேயில் மாண்ட ஸ்பார்ட்டா வீரர்களுக்காக ஒரு ஈரடிக் கல்வெட்டு வைக்கப்பட்டது. கவிஞர் சிமோனிடிஸ் எழுதியதாகச் சொல்வார்கள். ஆணைக்குக் கீழ்ப்படிந்து உயிர்விட்டோம் என்று தாய்நாட்டுக்குச் செய்தி அனுப்பும் வரிகள். ஷில்லரின் மொழிபெயர்ப்பில் அது ஜெர்மன் பள்ளிகளில் எல்லாரும் அறிந்த பாடமானது. நாஜிகள் ஸ்பார்ட்டாவைத் தங்கள் மூதாதையர் நாடாகவே ஆக்கிக்கொண்டார்கள். எதிர்காலத் தலைவர்களை உருவாக்க அவர்கள் நடத்திய அடால்ஃப் ஹிட்லர் பள்ளிகளுக்கென்று ஸ்பார்ட்டாவைப் பற்றித் தனிப் பாடநூலே 1940-ல் வந்தது.

1943 ஜனவரி 30. ஸ்டாலின்கிராடில் ஜெர்மனியின் ஆறாவது படை முற்றுகையில் சிக்கிப் பசியிலும் குளிரிலும் செத்துக்கொண்டிருந்தது. அன்று வானொலியில் ஒலிபரப்பான உரையில் ஹெர்மன் கோரிங் அவர்களைத் தெர்மோபிலே வீரர்களோடு ஒப்பிட்டார். அந்தக் கல்வெட்டை ஜெர்மனிக்கு ஏற்ப மாற்றிச் சொன்னார். உயிரோடு இருப்பவர்களுக்கு வாசிக்கப்பட்ட இரங்கல் உரை அது. மூன்று நாளில் மிச்சப் படையும் சரணடைந்தது. சிறைப்பட்ட சுமார் 90,000 பேரில் வீடு திரும்பியவர்கள் ஆறாயிரம் பேர் அளவில்தான்.

பின்னாளில் நோபல் பரிசு பெற்ற ஹைன்ரிச் பொயல் 1950-ல் வெளியிட்ட ஒரு சிறுகதை இந்தப் பாடத்தின் விலையைச் சொல்கிறது. படுகாயமுற்ற ஓர் இளைஞனை ஸ்ட்ரெச்சரில் வைத்துத் தற்காலிக ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப்போகிறார்கள். அது ஒரு பள்ளிக்கூடம். சுவரில் உள்ள படங்களும் சிலைகளும் எங்கோ பார்த்தவை போலிருக்கின்றன. எல்லாப் பள்ளிகளிலும் இவை உண்டே என்று அவன் நம்ப மறுக்கிறான். அறுவைச் சிகிச்சை நடக்கும் ஓவிய வகுப்பறையின் கரும்பலகையில் தன் கையெழுத்தைப் பார்க்கிறான். மூன்று மாதத்துக்கு முன் எழுத்துப் பயிற்சிக்காக அவனே ஏழு விதமாக எழுதிய கல்வெட்டு வாசகம். இடம் போதாமல் பாதியில் நின்றுபோனது. அதன் பிறகுதான் தனக்கு இரண்டு கைகளும் ஒரு காலும் இல்லை என்பதை அறிகிறான். கதையின் தலைப்பும் அந்தப் பாதி வாசகமே. பண்டைப் போரைப் பிள்ளைகளுக்குக் கற்றுத்தரப் போகும் ஒவ்வோர் ஆசிரியரும் ஒரு தடவையாவது படிக்கவேண்டிய கதை.

வீர வழிபாடு அத்தோடு முடிந்துவிடவில்லை. ஃபிராங்க் மில்லர் 1998-ல் வெளியிட்ட சித்திரக் கதையை வைத்து எடுக்கப்பட்ட '300' என்ற ஹாலிவுட் படம் 2007-ல் உலகமெங்கும் ஓடியது. அதில் ஸ்பார்ட்டா வீரர்கள் கட்டுடல் அழகர்கள், பாரசீகர்கள் அரக்கர்கள். ஈரான் அரசு கண்டனம் தெரிவித்தது. இன்று ஆசிரியர் பாடத்தைத் தொடங்கும் முன்பே பல மாணவர்களின் மனதில் இருப்பது இந்தப் படத்தின் காட்சிகள்தான்.

முந்நூறு பேர் கதையையே கொஞ்சம் எண்ணிப் பார்க்கச் சொன்னால் போதும். கடைசி நாளில் கணவாயில் நின்றவர்களில் தெஸ்பியே என்ற சிற்றூரின் 700 பேரும் உண்டு. தப்பிப் போக வாய்ப்பிருந்தும் தங்கி மாண்டவர்கள். லியோனிடாஸ் மன்னனுக்கு அங்கே 1955-ல் நினைவுச்சின்னம் எழுந்தது. தெஸ்பியர்களுக்கு 1997 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. முந்நூறு என்ற எண் மட்டும் ஏன் நிலைத்தது? நல்ல கேள்வி. பதினைந்து வயதில் கேட்டுப் பழகவேண்டிய கேள்வியும்கூட.

யாருடைய சுதந்திரம்?

சுதந்திரத்துக்காகப் போரிட்டவர்கள் என்ற வார்த்தையும் சோதனைக்கு உரியது. பிளாட்டீயாவில் 5,000 ஸ்பார்ட்டா குடிமக்களோடு 35,000 ஹெலட்டுகள் வந்தார்கள் என்று ஹெரோடோட்டஸே எழுதியிருக்கிறார். ஒரு வீரனுக்கு ஏழு பேர். ஹெலட்டுகள் ஸ்பார்ட்டாவின் நிலத்தில் உழுத கொத்தடிமைகள். சலாமிஸில் வென்ற ஏதென்ஸ் கடற்படையைக் கட்டப் பணம் தந்தது லாரியம் வெள்ளிச் சுரங்கம். 483 வாக்கில் அங்கே புதிதாகக் கிடைத்த வெள்ளியை மக்களுக்குப் பங்கிடாமல் கப்பல் கட்டச் செலவிடும்படி தெமிஸ்டக்கிளீஸ் வாதாடி வென்றார். அந்தச் சுரங்கத்தில் வேலை செய்தவர்கள் அடிமைகள்.

ஆனால் அதே கப்பல்கள் இன்னொன்றையும் செய்தன. ஒரு டிரைரீம் போர்க்கப்பலில் துடுப்புப் போட 170 பேர் வேண்டும். கவசம் வாங்க வசதியில்லாத ஏழைக் குடிமக்கள்தான் பெரும்பாலும் அந்தப் பலகைகளில் உட்கார்ந்தார்கள். நாட்டைக் காப்பாற்றிய பிறகு அவர்கள் குரலுக்கு ஏதென்ஸ் அரசியலில் மதிப்புக் கூடியது. 1987-ல் 'ஒலிம்பியாஸ்' என்ற பெயரில் இப்படி ஒரு கப்பலை மறுபடியும் கட்டி, தொண்டர்களை வைத்து ஓட்டிப் பார்த்தார்கள். மூன்று அடுக்காக உட்கார்ந்த 170 பேரின் துடுப்புகள் ஒன்றோடொன்று இடிக்காமல் அசைவது எவ்வளவு கடினம் என்பது அப்போது புரிந்தது.

வகுப்பறைக்கும் இத்தகைய சோதனைகள் பொருந்தும். மேலை நாடுகளில் பல பள்ளிகளில் அட்டைக் கேடயம் செய்து மைதானத்தில் அணிவகுக்க வைக்கிறார்கள். கிரேக்கக் கேடயம் ஏறக்குறைய 90 சென்டிமீட்டர் விட்டமுள்ளது. அதன் இடது பாதி பக்கத்தில் நிற்பவனை மறைக்கும். ஒருவன் ஓடினால் அடுத்தவன் உடம்பு திறந்துகிடக்கும் என்பதைப் பத்து நிமிடத்தில் பிள்ளைகள் உணர்ந்துவிடுகிறார்கள். இரண்டு அணிகளும் முட்டித் தள்ளிக்கொண்டனவா, ஈட்டி நீளம் தள்ளி நின்று குத்திக்கொண்டனவா என்பதில் அறிஞர்கள் இன்னும் சண்டையிடுகிறார்கள். எதிரில் வந்த பாரசீகர்களுக்குத் துணிச்சல் குறைவில்லை, கவசம்தான் இல்லை என்று பிளாட்டீயா பற்றி எழுதும்போது ஹெரோடோட்டஸ் ஒப்புக்கொள்கிறார். இப்படியெல்லாம் எழுதியதற்காக அவரைக் காட்டுமிராண்டிகளின் நேசர் என்று பின்னால் புளூட்டார்க் திட்டினார்.

அணிகளும் சினிமாவில் காட்டுவதுபோல இரண்டாகப் பிரிந்திருக்கவில்லை. தீப்ஸ் நகரம் பிளாட்டீயாவில் பாரசீகத்தின் பக்கம் போரிட்டது. அயோனியக் கிரேக்கர்கள் சலாமிஸில் செர்க்ஸஸின் கப்பல்களை ஓட்டினார்கள். அங்கே அவருக்காக ஐந்து கப்பல்களோடு வந்த தளபதி ஒரு பெண்: ஹாலிகார்னாசஸின் அரசி ஆர்ட்டிமீசியா. கடலில் மோதவேண்டாம் என்று பேரரசருக்குத் துணிந்து ஆலோசனை சொன்னவர். பெண் ஒருத்தி தங்களை எதிர்ப்பதா என்று கொதித்த ஏதென்ஸ்காரர்கள் அவரைப் பிடித்துத் தருபவருக்குப் பத்தாயிரம் டிராக்மா பரிசு அறிவித்தார்கள். சலாமிஸ் வெற்றியின் சிற்பி தெமிஸ்டக்கிளீஸின் முடிவு இன்னும் விசித்திரம். சொந்த ஊர் துரத்த, பாரசீகப் பேரரசரிடம் அடைக்கலம் புகுந்து, அவர் தந்த மக்னீசியா நகரத்தை ஆண்டபடி காலமானார்.

மறுதரப்பு எங்கே?

இத்தனையும் கிரேக்கர்கள் எழுதியவை. பாரசீகர்கள் எழுதிய போர் வரலாறு நமக்குக் கிடைக்கவில்லை. பெஹிஸ்துன் மலையில் டேரியஸ் மூன்று மொழிகளில் வெட்டிய பெரிய கல்வெட்டு இருக்கிறது. அது மாரத்தானுக்கு முந்தியது, கி.மு. 522-ல் தான் அரியணை ஏறிய விதத்தையும் கலகங்களை அடக்கியதையும் சொல்கிறது. அரசரின் தம்பி என்று ஆள்மாறாட்டம் செய்த போலியைக் கொன்றேன் என்கிறார். கொல்லப்பட்டவர் உண்மையான இளவரசர்தானோ என்று சந்தேகப்படும் ஆய்வாளர்கள் உண்டு. பாரசீகத் தரப்புக்கும் பிரசாரம் தெரியும் என்பது மாணவர்களுக்கு இங்கே புரியும்.

பிரசாரம் கலக்காத சாட்சிகளும் உண்டு. தலைநகர் பெர்சிபோலிஸைக் கி.மு. 330-ல் அலெக்சாந்தர் எரித்தார். அங்கே 1933-ல் சிகாகோ பல்கலைக்கழகத்தினர் ஆயிரக்கணக்கான களிமண் ஏடுகளைக் கண்டெடுத்தார்கள். மாரத்தானுக்கு முந்தைய இருபது வருடங்களைச் சேர்ந்த சம்பளப் பட்டியல்கள். யாருக்கு எவ்வளவு பார்லி, எவ்வளவு மது என்ற குறிப்புகள். பிரசவித்த பெண் தொழிலாளிக்குக் கூடுதல் படி தரப்பட்டிருக்கிறது. ஆண் குழந்தை என்றால் இரட்டிப்பு. பெரும்பாலும் ஈலமைட் மொழியில் உள்ள அந்த ஏடுகளுக்கு நடுவே கிரேக்கத்தில் எழுதப்பட்ட ஒன்றும் கிடைத்தது. சவுக்கடிக்கு அஞ்சி ஓடும் அடிமைக் கூட்டம் என்று படித்தவர்கள், கணக்கு வைத்துக் கூலி கொடுத்த ஒரு நிர்வாகத்தை அங்கே சந்திக்கிறார்கள்.

மாற்றத்துக்கு நல்ல உதாரணம் இங்கிலாந்து. 2017-ல் அறிமுகமான ஜி.சி.எஸ்.இ. பண்டைய வரலாற்றுப் பாடத்திட்டத்தில், ஓ.சி.ஆர். தேர்வு வாரியம் கி.மு. 559 முதல் 465 வரையிலான பாரசீகப் பேரரசைக் கட்டாயப் பகுதியாக வைத்தது. பதினாறு வயதுக்குள் தேர்வெழுதும் பிள்ளைகள் சைரஸ், கேம்பிசிஸ், டேரியஸ், செர்க்ஸஸ் என்ற வரிசையில் அந்தக் காலத்தைப் படிக்கிறார்கள். மாரத்தானும் சலாமிஸும் அவர்களுக்குப் பாரசீக அரசர்களின் வாழ்க்கையில் வரும் சம்பவங்கள். சான்றுகளோ பெரும்பாலும் கிரேக்கர்களுடையவை. எழுதியவர் யார், எப்போது, யாருக்காக என்று கேட்காமல் இந்தப் பாடத்தில் ஓர் அடியும் நகர முடியாது. அடுத்த நிலையில், ஏ லெவல் மாணவர்களுக்குக் 'காட்டுமிராண்டியின் கண்டுபிடிப்பு' என்றே ஒரு விருப்பப் பகுதி உண்டு. 'பார்பரோஸ்' என்ற கிரேக்கச் சொல் முதலில் நம் மொழி பேசாதவன் என்ற அளவிலேயே இருந்தது. அது எப்படி வசைச்சொல் ஆயிற்று என்பதைத் தேடுகிறது அந்தப் பாடம். இப்பாடங்களை எடுப்போர் தொகை சிறியதுதான், வழி பெரியது.

அந்தப் பாடத்தில் வரும் நூல்களில் ஒன்று ஈஸ்கிலஸின் 'பாரசீகர்கள்' நாடகம். கி.மு. 472-ல், சலாமிஸ் நடந்து எட்டே வருடங்களில், ஏதென்ஸில் அரங்கேறியது. எழுதியவர் மாரத்தானில் போரிட்டவர். நாடகம் நடக்கும் இடமோ பகைவரின் தலைநகர் சூசா. மகனுக்காகக் காத்திருக்கும் அரசித் தாய், தோல்விச் செய்தி கொண்டுவரும் தூதன், கிழிந்த உடையோடு திரும்பும் செர்க்ஸஸ். ஊரைக் கொளுத்தியவர்களின் துக்கத்தை ஏதென்ஸ் மக்கள் உட்கார்ந்து பார்த்து முதல் பரிசும் கொடுத்தார்கள். அது இரக்கமா, வெற்றிக் களிப்பா என்ற விவாதம் இன்றும் ஓயவில்லை.

எதிர்ப்பக்கம் சாய்ந்துவிடும் ஆபத்தும் உண்டு. சைரஸின் களிமண் உருளையை உலகின் முதல் மனித உரிமைப் பிரகடனம் என்று 1971-ல் ஈரானின் ஷா விழா எடுத்துப் பரப்பினார். பாபிலோனைப் பிடித்த சைரஸ், அந்த ஊர்க் கடவுள் மார்துக்கின் பெயரால் தன் வெற்றியை நியாயப்படுத்தி வெளியிட்ட பட்டயம் அது. இடம்பெயர்ந்த தெய்வச் சிலைகளைத் திருப்பி அனுப்பியதைச் சொல்கிறது. மனித உரிமை என்ற கருத்து அதில் இல்லை. மிலீட்டஸின் கதியும் மறக்கத்தக்கதல்ல. அதை ஏதென்ஸில் நாடகமாகப் போட்ட ஃபிரினிக்கஸுக்கு ஆயிரம் டிராக்மா அபராதம் விழுந்தது. பார்த்தவர்கள் அத்தனை பேரும் அழுதுவிட்டார்களாம். வில்லனைக் கதாநாயகனாக மாற்றுவது பாடத்தைத் திருத்துவதாகாது.

பருத்தி உடுத்திய வில்லாளிகள்

இந்தியப் பிள்ளைகளுக்கு இது அயலார் சண்டை அல்ல. செர்க்ஸஸின் படையில் இந்தியர்கள் இருந்தார்கள். பருத்தி ஆடை, நாணல் வில், இரும்பு முனை வைத்த நாணல் அம்பு என்று அவர்களை வர்ணிக்கிறார் ஹெரோடோட்டஸ். காந்தாரத்தினரைத் தனியாகக் குறிப்பிடுகிறார். பிளாட்டீயாவில் இந்தியர்கள் நின்ற இடத்தையும் சொல்கிறார். சூசாவில் டேரியஸ் கட்டிய அரண்மனைக்குத் தந்தம் வந்த நாடுகளில் சிந்து நதிப் பகுதியும் ஒன்று என்று அவருடைய கல்வெட்டே கூறுகிறது. சைரஸ் உருளை 2013-ன் இறுதியில் லண்டனிலிருந்து மும்பை அருங்காட்சியகத்துக்கு வந்தபோது, அதன் முன் நின்றவர்களில் பாரசீகத்திலிருந்து இங்கே குடிவந்த பார்சிகளின் வாரிசுகளும் இருந்தார்கள்.

நம் பேச்சிலேயே அந்தப் பேரரசு இருக்கிறது. சிந்து என்பது பாரசீக வாயில் ஹிந்து ஆயிற்று. அயோனியக் கிரேக்கர்கள் ஹகரத்தை உச்சரிக்காததால் அதுவே இந்தியா ஆயிற்று. அந்த அயோனியர்களைப் பாரசீகக் கல்வெட்டுகள் 'யௌனா' என்கின்றன. அது வடமொழியில் யவனர் ஆகி, சங்கத் தமிழிலும் இடம்பிடித்தது. கிரேக்கரை நாம் அழைத்த பெயரும், கிரேக்கர் நம்மை அழைத்த பெயரும் பாரசீகத்தின் வழியாகவே வந்திருக்கின்றன.

சிந்து வெளியிலிருந்து ஆயிரக்கணக்கான மைல் நடந்து, முன்பின் பார்த்திராத கடலோரத்தில், யாருக்கோ யாரோடோ இருந்த பகைக்காக வில் வளைத்தவர்கள் என்ன நினைத்தார்கள்? எத்தனை பேர் திரும்பினார்கள்? ஹெரோடோட்டஸ் அவர்களின் உடையை எழுதினார், ஆயுதத்தை எழுதினார். அவர்களில் யாரும் எதையும் எழுதிவைக்கவில்லை. அரசர்களின் பெயரும் ஆண்டுகளும் பரீட்சை முடிந்ததும் மறந்துபோகும். பாடநூலில் பேசாத இந்த வில்லாளிகளைப் பற்றி ஒரு மாணவியோ மாணவனோ கேட்கத் தொடங்கினால், பாடம் நடந்துவிட்டது என்று ஆசிரியர் திருப்தியோடு கரும்பலகையைத் துடைக்கலாம்.